எல்லைக் கோடும் ஏழையின் காலும்

பூகோளப் புத்தகத்தில் எல்லை என்பது ஒரு கோடு. தேர்விலே அதைச் சரியாக வரைந்தால் மதிப்பெண் கிடைக்கும். வாழ்க்கையிலோ அந்தக் கோடு ஒருவனுக்கு வாக்குச் சீட்டு தருகிறது. மற்றொருவனுக்கு விசாரணை தருகிறது. ஒருவனுக்குக் கூலி, அதே வேலை செய்யும் இன்னொருவனுக்குப் பாதிக் கூலி. கோடு ஒன்றுதான், கொடுமை பல!

கல்லூரியில் படிக்கும் தம்பிகள் நம்மிடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "அண்டை நாட்டிலிருந்தும் அண்டை மாநிலத்திலிருந்தும் வருகிறவர்களை எல்லாம் உள்ளே விட்டால் நம் பிழைப்பு என்னாவது? வேலைக்கு எங்கே போவோம்?" கேட்பவன் கெட்ட எண்ணம் கொண்டவனல்லன், வேலை கிடைக்குமா என்று கலங்குபவன். அவனை அதட்டி அடக்குவது முறையாகாது. பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

பதிலைத் தேடி டில்லிக்குப் போக வேண்டாம். ஜெனீவாவுக்கும் போக வேண்டாம். கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் நின்று மேற்கே நிமிர்ந்து பார்த்தால் போதும். கல்வராயன் மலை நிற்கிறது. எல்லை என்றால் என்ன என்பதை அந்த மலையைப் போலக் கற்றுத்தரும் பள்ளிக்கூடம் வேறில்லை!

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி அது. கோமுகி ஆறு அங்கே பிறக்கிறது. பெரிய கல்வராயன், சின்னக் கல்வராயன் என்று இரு பிரிவு. வெள்ளிமலை கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. கருமந்துறை சேலம் மாவட்டத்தில் இருக்கிறது. மலைக்கு இந்த மாவட்டக் கணக்குத் தெரியாது. அங்கே வாழ்பவர்களுக்கு 'மலையாளி' என்று பெயர். கேரளத்தாரென்று எண்ணிவிட வேண்டாம். மலையிலே வாழ்வதால் வந்த பெயர், பேசுவது தமிழ். காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து கரிராமன் என்னும் தங்கள் சாமியையும் தூக்கிக்கொண்டு முன்னோர் மலையேறி வந்தனர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. அதாவது, மலையின் மக்களும் ஒரு நாள் வந்து குடியேறியவர்களே என்று அவர்கள் கதையே சொல்லுகிறது. வந்தவன் யார், இருந்தவன் யார் என்று பிரிக்கப் புறப்படுகிறவர்கள் இதைச் சற்றே நினைத்துப் பார்க்கட்டும்.

1947 ஆகஸ்ட் 15. டில்லியிலே கொடி ஏறிற்று. கல்வராயன் மலையிலோ சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகிர்தார்களின் ஆதிக்கம் தொடர்ந்தது. 1950-இல் அரசியல் சட்டம் வந்தது. 1952-இல் முதல் பொதுத்தேர்தல் வந்தது. ஜமீன்கள் ஒழிந்தன. மலையிலே ஜாகிர் மட்டும் ஒழியவில்லை. ஜாகிர்தாருக்கு வரி, ஜாகிர்தாரின் நிலத்தில் கூலியில்லா உழைப்பு. அந்த முறை முடிவுக்கு வந்தது 1976-ஆம் ஆண்டில்! சுதந்திரம் பிறந்து இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து!

இதற்கு என்ன பொருள், தம்பி? நாட்டின் எல்லைக்கு உள்ளே, நாட்டின் நட்டநடுவிலே, உரிமை ஏறிச் செல்லாத ஒரு மலை இருந்தது. தேசப்படத்தில் அவர்கள் இந்தியர்கள். வயற்காட்டில் ஜாகிர்தாரின் ஆட்கள். எல்லைக்குள் இருப்பது வேறு, குடிமகனாய் வாழ்வது வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அதே 1976-ஆம் ஆண்டில்தான் இன்னொன்றும் நடந்தது. இந்தியாவும் இலங்கையும் மன்னார் வளைகுடாவில் கடல் எல்லை வகுத்துக்கொண்டன. அதற்கு இரண்டாண்டு முன்னே, 1974-இல், கச்சத்தீவு கோட்டுக்கு அப்பால் போயிற்று. மலையிலே ஒரு கோடு அழிந்த ஆண்டிலே கடலிலே ஒரு கோடு விழுந்தது. இராமேசுவரத்து மீனவனின் பாட்டன் வலை காயவைத்த இடம் அந்நிய நாடாயிற்று. மீனவனைக் கேட்டு அந்தக் கோடு போடப்படவில்லை. மலைவாசியைக் கேட்டு ஜாகிர் வைத்திருக்கப்படவும் இல்லை.

இலங்கையைப் பற்றிப் பேச வந்தோம். அந்தக் கதையை முழுதுமே பார்த்துவிடலாம். தம்பியின் கேள்விக்கு நேரான விடை அங்கேதான் கிடக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரத் துரைமார் இலங்கை மலைநாட்டிலே காப்பி பயிரிட்டனர். காப்பி நோயால் அழிந்ததும் தேயிலை பயிரிட்டனர். ஆள் பிடிக்கக் கங்காணிகளை அனுப்பினர். திருச்சி, சேலம், ஆர்க்காடு, இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து பஞ்சத்துக்கும் பண்ணையாருக்கும் பயந்த ஏழை மக்கள் கடல் கடந்தனர். காடு வெட்டினர், கொழுந்து பறித்தனர், அங்கேயே பிள்ளை பெற்றனர், அங்கேயே மாண்டனர். தேயிலை ஏற்றுமதியால் கொழும்பு செழித்தது.

1947 தேர்தலில் அவர்கள் வாக்களித்தார்கள். தங்கள் ஆட்களைச் சட்டசபைக்கும் அனுப்பினார்கள். பொறுப்பார்களா? 1948-இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பனும் பாட்டனும் இங்கே பிறந்தார்களா, சான்று எங்கே என்றார்கள். லயத்திலே பிறந்தவனிடம் பிறப்புச் சான்றுக்கு எங்கே போவது? குடியுரிமை போயிற்று, அடுத்த ஆண்டிலே வாக்குரிமையும் போயிற்று. "அந்நியன் வந்து நம் வேலையைப் பிடுங்கினான்" என்பதுதான் அங்கேயும் எழுந்த கூச்சல். இன்று நம் தம்பி கேட்கும் அதே கேள்வி!

பலன் என்ன? தொழிலாளியின் வாக்குப் பறிபோயிற்று. தோட்டமோ வெள்ளைக்காரக் கம்பெனியிடமே இருந்தது. உரிமையற்றவன் ஊமையானான், ஊமையின் உழைப்பு மலிவாகக் கிடைத்தது. இலாபம் எவர் பெட்டிக்குப் போயிற்று என்பதை விளக்கிச் சொல்லவும் வேண்டுமோ?

1964 அக்டோபர் 30. லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஒப்பந்தம் செய்துகொண்டனர். நாடற்றவர் ஒன்பது இலட்சத்து எழுபத்தைந்தாயிரம் பேர். அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும்; 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும்; மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்! பிறகு பார்த்தார்கள்: 1974-இல் ஆளுக்குப் பாதியாய், 75,000 பேர் வீதம் பிரித்துக்கொண்டார்கள். சந்தையிலே ஆட்டுக்குட்டியை இப்படிப் பிரிப்பார்கள். கணக்கிலே மிச்சம் வந்தால் சரிபாதி. இத்தனை இலட்சம் தலைகளை எண்ணினார்களே, அவற்றுள் ஒரு தலையையாவது கேட்டார்களா? இல்லை.

அந்த நாட்களில்தான் பர்மாவிலிருந்தும் நம்மவர் வந்தனர். நே வின் ஆட்சி கடைகளையும் தொழில்களையும் அரசுடைமையாக்க, கையிலிருந்ததை இழந்து கப்பலேறினர். சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தருகே பர்மா பஜார் உண்டாயிற்று. சிலர் மணிப்பூர் எல்லையிலே மோரே என்னும் ஊரில் தங்கிவிட்டனர். இன்றும் அங்கே தமிழ் ஒலிக்கிறது. திரும்பி வந்தவர்களை நாம் 'அந்நியர்' என்றா சொன்னோம்? "நம்மவர்" என்றோம். நல்லது, பெருமைதான்.

பிறகு வந்தது 1983 ஜூலை. கொழும்பு எரிந்தது. தோணியேறி வந்தார்கள் ஈழத்துத் தமிழர்கள். அவர்களோடு மலையகத் தமிழர்களும் வந்தார்கள். நாற்பதாண்டு கடந்துவிட்டது. 2021-ஆம் ஆண்டுக் கணக்குப்படி நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர். அவ்வாண்டில் மாநில அரசு முகாம்களின் பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. வீடுகளுக்கும் படிப்புக்கும் பணம் ஒதுக்கியது. செய்ததைச் செய்ததென்று சொல்லுவோம். ஆனால் குடியுரிமை டில்லியின் கையில்!

முகாமிலே பிறந்த பிள்ளையை நினைத்துப் பார், தம்பி. நம் பள்ளியிலே படித்தவன். திருக்குறள் ஒப்பித்தவன். இலங்கையைக் கண்ணால் கண்டதில்லை. ஆயினும் இந்தியன் அல்லன். 1987 ஜூலை 1-ஆம் நாளுக்கு முன் இம்மண்ணில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடிமகன்; அதன்பின் பிறந்திருந்தால் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாயிருக்க வேண்டும்; 2004-க்குப் பின் சட்டம் இன்னும் இறுகிற்று. அண்ணன் ஜூனிலே பிறந்தான், தம்பி மறு ஆண்டிலே பிறந்தான் என்றால், ஒரே வயிற்றிலே ஓர் எல்லைக் கோடு!

2019-இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் ஆகிய மூன்று நாட்டிலிருந்து வந்த ஆறு மதத்தாருக்குக் கதவு திறந்தது. முஸ்லிம்கள் அந்தப் பட்டியலில் இல்லை, இலங்கையும் இல்லை. அதே ஆண்டு ஜூனிலே, இந்திய வம்சாவளியினரான முகாம்வாசிகளின் குடியுரிமைக் கோரிக்கையைக் கருணையோடு பரிசீலிக்க வேண்டுமென்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொல்லியிருந்தது. 2025 செப்டம்பரில் ஓர் ஆணை வந்தது: 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போர்ட்டு இல்லாத குற்றத்துக்குத் தண்டனை இல்லை. தண்டனை இல்லை, சரி. உரிமை? அது பற்றி ஆணையில் சொல் இல்லை.

கடல் கடந்த கதை இது. மறுபடி மலைக்கு வருவோம்.

2015 ஏப்ரல் 7. திருப்பதிக்கு அருகே சேஷாசலம் காட்டில் இருபது பேரை ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்றது. செம்மரம் வெட்ட வந்தவர்கள். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். போலி மோதல் என்றன மனித உரிமை அமைப்புகள். மாண்டவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்து ஏழைகள், பலர் மலைக்கிராமத்தார். செம்மரத்தால் கோடி சேர்த்தவன் எவனும் அந்தக் காட்டிலே விழவில்லை. கோடரி பிடித்த கூலிதான் விழுந்தான். மரம் எல்லை தாண்டித் துறைமுகம் வரை போகிறது. அதை வெட்டியவன் காட்டைத் தாண்டவில்லை!

2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிரைக் குடித்தது. உடனே எல்லார் கண்ணும் மலைமேல் திரும்பிற்று. அதன்பின் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையை வழக்காக எடுத்தது. சாலை உண்டா, மருத்துவமனை உண்டா, பள்ளி உண்டா என்று கேட்டது. ஜாகிர் ஒழிந்து நாற்பத்தெட்டு ஆண்டு கழித்து இந்தக் கேள்வி!

இன்னொரு கோட்டையும் பார். பழங்குடிப் பட்டியலில் 'மலையாளி' என்ற பெயருக்கு அருகே மாவட்டங்களின் பெயரும் எழுதியிருக்கிறது: தருமபுரி, வடஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சி. கல்வராயன் மலை மாணவன் இதற்குள் வருகிறான். ஈரோட்டுப் பர்கூர் மலையின் மலையாளி? அவனுடைய பகுதி அன்று கோவை மாவட்டத்தில் இருந்தது. பட்டியலில் கோவை இல்லை. ஒரே மக்கள், ஒரே பெயர். மாவட்டக் கோட்டுக்கு இப்பால் சான்றிதழ். அப்பால் மனுமேல் மனு. அண்டை நாட்டு எல்லையை விட்டுவிடு. அண்டை மாவட்ட எல்லையே ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்திவிடுகிறதே!

இப்போது தம்பியின் கேள்விக்கு வருவோம். வருகிறவனால் நம் கூலி குறைகிறதா?

குறைகிற இடங்கள் உண்டு, மறைக்க மாட்டோம். ஆனால் எதனால் குறைகிறது? பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிற தொழிலாளிக்குச் சங்கம் இல்லை. ரேஷன் கார்டு ஊரிலே இருக்கிறது. வாக்கு ஊரிலே இருக்கிறது. மேஸ்திரி சொல்லுவதே அவனுக்குச் சட்டம். அப்படிப்பட்டவனைத்தான் முதலாளி விரும்புகிறான். அவன் உரிமையோடு வந்தால் மலிவாகக் கிடைக்க மாட்டான். அவன் மலிவாகக் கிடைக்காவிட்டால் உன் கூலியும் குறையாது. கோடு அவன் காலைத் தடுக்கவில்லை. பசி அவனைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. அவன் தோளிலிருந்த உரிமை மூட்டையை மட்டுமே கோடு பிடுங்கிக்கொண்டது. இலங்கைத் தோட்டத்தில் நடந்தது அதுதான். சேஷாசலத்தில் நடந்ததும் அதுதான்.

2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளரைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய்ப் படங்களைப் பரப்பினார்கள். பயந்து ரயிலேறினர் பலர். பொய் என்று தெரிந்தது. ஆயினும் அந்தப் பொய் ஏன் விலைபோயிற்று? 'அந்நியன்' என்ற சொல்லுக்கு நம்மிடையிலும் இடமிருந்ததால்தான். கண்டியிலே நம்மவனை அந்நியன் என்றபோது கொதித்தோம். ஈரோட்டிலே அதே சொல்லை நாம் சொல்லலாமா?

எல்லையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நாடென்றால் காவல் உண்டு, கணக்கு உண்டு. வருகிறவர்களைப் பதிவு செய்யட்டும், குற்றவாளியைப் பிடிக்கட்டும். ஆனால் உழைக்கிறவனுக்கு உழைக்கிற இடத்தில் உரிமை வேண்டும் என்கிறோம். முகாமிலே பிறந்து முகாமிலே வளர்ந்த பிள்ளைக்குக் குடியுரிமை வேண்டும். பர்கூர் மலையின் பிள்ளைக்குக் கல்வராயன் மலையின் பிள்ளைக்குள்ள சான்றிதழ் வேண்டும். வேறு மாநிலத்துத் தொழிலாளிக்கு ஒரே வேலைக்கு ஒரே கூலி வேண்டும். அதைக் கேட்டு வாங்கச் சங்கத்திலே இடம் வேண்டும்.

முதல் மூன்றும் அரசு தர வேண்டியவை. கடைசி ஒன்று நம் கையிலேயே இருக்கிறது, தோழர்களே! உங்கள் ஆலையிலே, உங்கள் கட்டட வேலையிலே, தமிழ் தெரியாத தொழிலாளி எத்தனை பேர் என்று நாளைக் காலையில் எண்ணிப் பாருங்கள். அவர்களில் எத்தனை பேர் உங்கள் சங்கத்தில் இருக்கிறார்கள் என்றும் எண்ணிப் பாருங்கள். முதல் எண்ணுக்கும் இரண்டாம் எண்ணுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவோ, அவ்வளவு தூரம் முதலாளி உங்கள் கூலியைக் கீழே இறக்கலாம். அந்த இடைவெளியை அடைக்க எந்தச் சர்க்காரின் ஆணையும் தேவையில்லை. உறுப்பினர் சீட்டு ஒன்று போதும்.