பார்வையற்ற வாசகரும் பக்கத்தின் அமைப்பும்

2000-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், சிட்னி ஒலிம்பிக் போட்டிகள் தொடங்கச் சில வாரங்களே எஞ்சியிருந்தபோது, பிறவியிலேயே பார்வையற்றவரான புரூஸ் மகுவயர் என்பவர் கொடுத்த புகாரை விசாரித்த ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையம், போட்டிகளின் இணையதளம் அவருக்குப் பயன்படாத வகையில் அமைந்திருப்பது சட்ட விரோதமான பாரபட்சமே என்று தீர்ப்பளித்து, செப்டம்பர் 15-க்குள் குறைகளைக் களையுமாறு உத்தரவிட்டது.

எழுத்துக்களைப் பிரெய்ல் புள்ளிகளாக மாற்றி விரலுக்குக் கொண்டுவரும் கருவியை அவர் உபயோகித்து வந்தார். அக்கருவியும், எழுத்தைக் குரலாக்கும் திரைவாசிப்பானும், பக்கத்தின் தோற்றத்தை அறியா. அதன் பின்னால் எழுதப்பட்டுள்ள குறிமொழியையே அறியும். ஆகையால், படத்துக்கு ‘ஆல்ட்’ என்னும் மாற்று விவரம் எழுதப்படாவிட்டால், படம் ஒன்று இருக்கிறது என்பதற்கு மேல் அவ்வாசகருக்கு ஒன்றும் விளங்குவதில்லை. தலைப்பைத் தலைப்பென்று குறிக்காமல் எழுத்தை மட்டும் பெரிதாக்கினால், காண்பவருக்குத் தலைப்பாக இருப்பது கேட்பவருக்கு மற்றுமொரு வரியாகவே முடிகிறது. நிரல்களுக்கும் வரிசைகளுக்கும் தலைப்பு குறிக்கப்படாத பந்தய முடிவுகளின் அட்டவணையிலோ, எந்த எண் எந்த வீரருக்குரியது என்பதே குழம்பிப்போகும். பொத்தான் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் பெட்டியை வைத்து, மவுஸின் சொடுக்குக்கு மட்டும் அது இணங்கும்படி செய்துவிட்டால், விசைப்பலகையையே நம்பியிருப்பவர்கள் (கைநடுக்கம் உடையவர்களும் இவர்களுள் அடக்கம்) அதற்கப்பால் ஓர் அடியும் செல்ல இயலாது.

ஒலிம்பிக் இணையதளத்தின் முடிவுகள் பகுதியில் 1,295 வார்ப்புருக்கள் இருப்பதாகவும், அவற்றைத் திருத்த ஒருவர் 368 நாட்கள் உழைக்க வேண்டுமென்றும் போட்டி அமைப்புக் குழு வாதித்தது. மகுவயர் தரப்பு நிபுணர்களோ அவ்வேலை சில வாரங்களில் முடியக்கூடியதே என்றனர். ஆணையமும் குழுவின் வாதத்தை ஏற்கவில்லை. எனினும், கட்டி முடித்ததைப் பிரித்துத் திருத்துவது சிரமமான காரியம் என்பதை நான் மறுக்கமாட்டேன். அந்தச் சிரமம் முதலிலேயே சரியாக எழுதாததனால் விளைந்தது என்பதே என் அபிப்பிராயம். படங்களுக்கு ‘ஆல்ட்’ கட்டாயம் என்று 1997-லேயே, பக்கங்களை எழுதும் குறிமொழியான எச்.டி.எம்.எல்.-இன் நான்காம் பதிப்பு விதித்திருந்தது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி பக்கங்களை அமைப்பதற்கான இணைய அணுகல் நெறிமுறைகளும் 1999 மே மாதத்தில் வெளிவந்துவிட்டன. குழு உத்தரவை முழுமையாக நிறைவேற்றாததால், போட்டிகள் முடிந்தபின், 20,000 ஆஸ்திரேலிய டாலர் நஷ்ட ஈடு விதிக்கப்பட்டது.

இன்று விவரம் விடுபட்ட படங்களைக் கண்டுபிடித்துச் சொல்லும் சோதனைக் கருவிகள் உண்டு. ஆனால், எழுதிய விவரம் பொருத்தமானதுதானா என்பதை அவை நிர்ணயிக்க மாட்டா; அதனை, பக்கத்தை எழுதுகிறவர்தான் மவுஸை ஒதுக்கிவைத்து, திரைவாசிப்பானை இயக்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை பொறுமையாகக் கேட்டு அறிய வேண்டும்.