ஒரு கதவு, பல திறப்புகள்

இடம்பெயர்ந்த குடும்பமொன்று புதிய ஊரில் பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கப் போனால், பிறப்புச் சான்றிதழ் எங்கே, விடுகைப் பத்திரம் எங்கே என்று கேட்பார்கள். இது எமக்குப் பழகிய அனுபவம். இன்று அவற்றோடு இன்னுமொரு கேள்வியும் சேர்ந்துள்ளது: "பிள்ளையின் பயனர் பெயர் என்ன? கடவுச்சொல் என்ன?"

2020 மார்ச் மாதம் கொவிட் காரணமாக இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டன. அதன் பின் பாடக்குறிப்பும் பயிற்சியும் கணினி வழியாக வருவது கூடியது. களுபோவில, வெள்ளவத்தைப் பகுதிகளில் வாடகை அறையில் வாழ்வோரானாலும், வன்னியில் வயல் செய்வோரானாலும், பல வீடுகளில் மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே கைத்தொலைபேசிதான். சிம் அட்டை தகப்பன் பெயரில் இருக்கும். பிள்ளைக்கு மின்னஞ்சல் இராது. தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க 15 வயதாக வேண்டும். இவற்றை எல்லோரிடமும் ஒரே மாதிரிக் கேட்டால், வசதியற்ற பிள்ளைதான் முதலில் வெளியே நிற்கும்.

இதற்கு வழி உண்டு. உலகெங்கும் பாடசாலைகள் பயன்படுத்தும் 'மூடில்' என்ற இலவச மென்பொருளை எடுத்துக்கொள்வோம். 2002 இல் இதை வெளியிட்ட மார்ட்டின் டூகியாமாஸ், மேற்கு அவுஸ்திரேலியாவின் ஒதுக்குப்புறத்தில் வளர்ந்து வானொலி வழியாகப் பாடம் கற்றவர்.

மூடிலில் கடவுச்சொல்லுக்கு வழமையான விதி இது: குறைந்தது 8 எழுத்துகள், அவற்றுள் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, இலக்கம், குறியீடு ஒவ்வொன்றாவது வேண்டும். மூன்றாம் ஆண்டுத் தமிழ்ப் பிள்ளைக்கு இது மலை. ஆனால் பொறுப்பாளர் இதைத் தளர்த்தலாம். பிள்ளையின் சேர்வு இலக்கத்தையே பயனர் பெயராகக் கொடுக்கலாம். ஒரே மின்னஞ்சலில் சகோதரர் பலருக்குக் கணக்குத் திறக்கவும் அனுமதிக்கலாம். பெற்றோருக்குத் தம் பிள்ளையின் விபரம் மட்டும் தெரியும்படி தனி உரிமை வழங்கலாம்.

கதவைத் தளர்த்தினால் கள்வன் நுழையமாட்டானா? நியாயமான கேள்வி. தளர்த்திய விதி ஆசிரியருக்கும் பொருந்திவிடும். ஆசிரியர் கணக்கிலோ எல்லாப் பிள்ளைகளின் புள்ளிகளும் உண்டு. ஆகவே அங்கே இரட்டைப் பூட்டு வேண்டும். 2023 இல் வந்த மூடில் 4.3 பதிப்பிலிருந்து இந்த வசதி மென்பொருளோடு சேர்ந்தே வருகிறது. ஆசிரியரிடமும் அதிபரிடமும் இரண்டாவது சான்று கேட்டு, மாணவரைக் கேளாமல் விடலாம். ஆளுக்கேற்ற திறப்பு என்பது இதுதான்.

இவையெல்லாம் தாமாக நடப்பதில்லை. யாராவது கேட்கவேண்டும். பெற்றோரே, நீங்கள் செய்யக்கூடியவை:

1. பயனர் பெயர், சேர்வு இலக்கம் இரண்டையும் ஒரு கொப்பியில் எழுதிப் பிறப்புச் சான்றிதழோடு வையுங்கள். கடவுச்சொல்லை வேறிடத்தில் வையுங்கள்.

2. தொலைபேசி இலக்கம் மாறினால் உடனே வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். பழைய இலக்கத்துக்குப் போகும் செய்தி அந்நியர் கையில் சேரலாம்.

3. மறந்த கடவுச்சொல்லை மின்னஞ்சல் இல்லாமலே, ஆசிரியர் மூலம் நேரில் மாற்றித் தரும் ஒழுங்கைப் பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள்.

4. வேறு பாடசாலைக்குப் போகும்போது, விடுகைப் பத்திரத்தோடு பிள்ளையின் கணினிக் கணக்கு என்னவாகும் என்பதையும் விசாரியுங்கள்.

வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் போதாது. கடைசி வயலின் மடையும் திறக்கவேண்டும். கல்வியும் அப்படித்தான்.