சின்னம் சிறியது, சிக்கல் பெரியது

பல்கலைக்கழகங்களின் முத்திரைகள் துறைக்கு ஒரு நிறம், அச்சகத்துக்கு ஒரு வடிவம் என்று அலைகின்றன. சீர்படுத்தப் போனால் எதிர்ப்பு, விட்டுவிட்டால் சிதைவு.

ஆமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் (ஐஐஎம்) பேராசிரியர்கள் 45 பேர் 2022 மார்ச்சில் நிர்வாகக் குழுவுக்குக் காட்டமாக ஒரு கடிதம் எழுதினார்கள். சம்பளம், பாடத்திட்டம் எதுவும் பிரச்சினை இல்லை. பிரச்சினை கழகத்தின் லோகோ. பழைய சின்னத்துக்குப் பதிலாக இரண்டு புதிய சின்னங்களுக்கு ஒப்புதல் கொடுத்தாகிவிட்டது, எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது அவர்கள் புகார். ஒன்று உள்நாட்டுக்கு, மற்றொன்று வெளிநாட்டுக்கு. வெளிநாட்டுக்குப் போகும் சின்னத்தில் சம்ஸ்கிருத வாசகம் இருக்காது என்ற தகவல் வெளியானதும் விவகாரம் வளாகச் சுவரைத் தாண்டிப் பத்திரிகைகளுக்கு வந்தது.

அந்தச் சின்னத்தில் இருப்பது ஆமதாபாத் நகரின் சிதி சயீத் மசூதியிலுள்ள கல் ஜன்னல். குஜராத் சுல்தான்களின் ஆட்சி முடியும் தறுவாயில், 1573ல் கட்டப்பட்டது அந்த மசூதி. ஒரு மரமும் அதன் கிளைகளும் பின்னிப் பிணைந்து அரைவட்டத்தை நிறைக்கும் அந்தக் கல் வேலைப்பாடு ஊருக்கே அடையாளம். சின்னத்தில் அதனுடன் 'வித்யா விநியோகாத் விகாஸ' என்ற வாசகமும் உண்டு. அறிவைப் பகிர்ந்து பயன்படுத்துவதால் வளர்ச்சி என்று பொருள். மசூதி ஜன்னலும் சம்ஸ்கிருத வாசகமும் ஒரே சின்னத்தில் குடியிருந்தன. அதில் கை வைப்பதை வெறும் டிசைன் வேலையாகப் பேராசிரியர்கள் பார்க்கவில்லை.

இணையதளத்தைப் புதுப்பிக்கும் வேலையோடு சேர்ந்ததுதான் லோகோ மாற்றமும் என்றது நிர்வாகம். கடைசியில் ஜன்னலும் இருக்கும், வாசகமும் இருக்கும் என்று அறிவித்தது. நெருப்பு அணைந்தது. ஆனால் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவான ஒரு கேள்வியை அது விட்டுச் சென்றது: ஒரு கல்வி நிறுவனத்தின் முகம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றால், அதைத் தீர்மானிப்பது யார்? காப்பது யார்?

நகலின் நகல்

ஆமதாபாத்தில் நடந்தது வெளிப்படையான மாற்றம். அதனால்தான் எதிர்ப்பு கிளம்பியது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் சின்னம் யாருக்கும் தெரியாமல் மாறுகிறது. தீர்மானம் கிடையாது, கடிதம் கிடையாது, எதிர்ப்பும் கிடையாது.

வழி சுலபமானது. ஒரு துறை கருத்தரங்கு நடத்துகிறது. பேனர் வேண்டும். கூகுளில் தேடி, முதலில் கிடைக்கும் படத்தை எடுத்து ஃப்ளெக்ஸ் அச்சடிப்பவரிடம் கொடுக்கிறார்கள். படம் சிறியது, பத்தடிக்கு இழுத்தால் ஓரங்கள் பிசிறடிக்கும். அச்சடிப்பவர் தனக்குத் தெரிந்த அளவில் திருத்துகிறார். வட்டம் லேசாக முட்டையாகிறது. ஆழ்ந்த நீலம் அவருடைய இயந்திரத்தில் ஊதாவாக வருகிறது. அடுத்த வருடம் இன்னொரு துறை இந்தப் பேனரின் படத்தையே எடுத்துப் பயன்படுத்துகிறது. ஜெராக்ஸின் ஜெராக்ஸ் மங்குவது போலச் சின்னமும் மங்குகிறது.

டெண்டர் முறையும் இதற்குத் துணை. டைரி ஒரு அச்சகம், விடைத்தாள் வேறொரு அச்சகம், அடையாள அட்டை மூன்றாவது இடம். யார் குறைந்த விலை சொல்கிறாரோ அவருக்கு வேலை. நிறம் இதுதான், அளவு இதுதான் என்று டெண்டரில் எழுதாவிட்டால் அதைக் கேட்கவும் முடியாது.

சின்னங்களின் பழமையே இன்னொரு இடைஞ்சல். சென்னை, மும்பை, கல்கத்தா பல்கலைக்கழகங்கள் 1857ல் லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு தொடங்கப்பட்டவை. முத்திரை மரபும் அங்கிருந்தே வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் வாசகம் இன்றும் லத்தீன். இத்தகைய முத்திரைகள் மெழுகில் பதிக்கவும், தடித்த காகிதத்தில் அழுத்தவும் ஏற்றவை. கைபேசித் திரையிலோ, உலாவியின் மூலையில் தெரியும் 16 பிக்சல் கட்டத்திலோ வைத்தால் கேடயம், விலங்கு, மலர், நாடா எல்லாம் சேர்ந்து ஒரு கறுப்புப் பொட்டாகிவிடும்.

இந்தியாவுக்கே உரிய தலைவலியும் ஒன்று உண்டு: எழுத்து. பெயர் மாநில மொழியில், இந்தியில், ஆங்கிலத்தில். வாசகம் பல நேரங்களில் சம்ஸ்கிருதத்தில். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அமைத்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கூட்டெழுத்துகள் உடையும், மாத்திரைகள் இடம் மாறும். வாசகத்தைப் படிக்கத் தெரிந்தவர் அச்சகத்தில் இல்லையென்றால் பிழையோடே அச்சாகும். அறிவுக்கு இலக்கணமாக வைத்த வாசகம் எழுத்துப் பிழையோடு மேடையில் தொங்குவதைவிடப் பெரிய கேலி வேறென்ன?

தில்லிப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் சிக்கல் பன்மடங்கு. சுமார் 90 கல்லூரிகள். பல கல்லூரிகளுக்கு நீண்ட வரலாறு, தனிச் சின்னம், தனிப் பெருமை. பல்கலைக்கழகத்தின் யானைச் சின்னத்தோடு கல்லூரியின் சின்னமும் ஒரே காகிதத்தில் வரும்போது எது பெரியது, எது இடப்பக்கம் என்பதே ஒரு அரசியல். போதாக்குறைக்கு விழாக்காலச் சின்னங்கள். சுதந்திரத்தின் 75ஆவது ஆண்டு, 2022-23ல் ஜி-20 தலைமை என்று ஒவ்வொன்றும் தன் லோகோவோடு வந்து அழைப்பிதழ்களில் இடம் பிடித்தது. விழா முடிந்தாலும் காகிதத்தை விட்டு இறங்காத சின்னங்கள் உண்டு.

தாளின் மதிப்பு

இதெல்லாம் அழகு சார்ந்த கவலை, கல்விக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் பட்டச் சான்றிதழில் இருக்கிறது.

பல்கலைக்கழக மானியக் குழு அவ்வப்போது போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை வெளியிடுகிறது. 2023 ஆகஸ்டில் வெளியான பட்டியலில் 20 பெயர்கள். அதில் 8 தலைநகர் தில்லியிலேயே இயங்கியவை. போலிகளுக்கு முதலில் தேவைப்படுவது கட்டடமோ ஆசிரியரோ அல்ல. நம்பும்படியான ஒரு பெயரும் முத்திரையும்தான். அசல் பல்கலைக்கழகம் ஐந்து விதமான முத்திரைகளைப் புழங்கவிட்டால் ஆறாவதாக வரும் போலியை யார் கண்டுபிடிப்பது?

பெயர்ப் பலகை எவ்வளவு கனமானது என்பதை நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் 2017ல் தெரிந்துகொண்டன. உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து அந்த ஆண்டு நவம்பரில் மானியக் குழு 123 நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது: பெயரிலுள்ள 'பல்கலைக்கழகம்' என்ற சொல்லை எடுத்துவிட வேண்டும், வேண்டுமானால் பெயருக்குப் பின் அடைப்புக்குறிக்குள் 'நிகர்நிலைப் பல்கலைக்கழகம்' என்று போட்டுக்கொள்ளலாம். இத்தகைய நிறுவனங்கள் அதிகமுள்ள தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் நுழைவாயில் வளைவு, பேருந்து, லெட்டர்ஹெட், இணையதளம் என்று எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டியதாயிற்று. தங்கள் பெயர் எங்கெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது என்ற கணக்கு கையில் இருந்தவர்களுக்கு வேலை எளிது. இல்லாதவர்களுக்கு அது தேடும் படலம்.

மாற்றமே கூடாதா?

சின்னங்கள் கல்வெட்டுகள் அல்ல. காலம் அவற்றை மாற்றியிருக்கிறது. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் முன்னோடியான கல்லூரியின் சின்னத்தில் பிறை, பேரீச்சை மரத்தோடு விக்டோரியா மகாராணியின் கிரீடமும் இருந்தது. சுதந்திரத்துக்குப் பின் கிரீடத்தின் இடத்தில் புத்தகம் வந்தது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1930களில் தாமரையும் 'ஸ்ரீ' என்ற எழுத்தும் கொண்ட முத்திரைக்கு முஸ்லிம் மாணவர்கள் எதிர்ப்புத் தெரிவித்து நிறுவன தின விழாவைப் புறக்கணித்தார்கள். பிறகு 'ஸ்ரீ' நீக்கப்பட்டது. யாருடைய பல்கலைக்கழகம் என்ற கேள்வி அன்றும் முத்திரையின் மேல்தான் வெடித்தது.

வெளிநாட்டிலும் கதை இதேதான். பத்து வளாகங்கள் கொண்ட கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 2012ல் நவீனமான ஒரு சின்னத்தை அறிமுகப்படுத்தியது. பழைய முத்திரை பட்டங்களில் அப்படியே இருக்கும் என்று நிர்வாகம் சொல்லிப் பார்த்தது. எடுபடவில்லை. 50,000க்கும் மேற்பட்டவர்கள் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட, அந்த டிசம்பரிலேயே புதிய சின்னம் வாபஸ். ஆமதாபாத்துக்கும் கலிபோர்னியாவுக்கும் ஒற்றுமை ஒன்று: இரண்டு இடத்திலும் சம்பந்தப்பட்டவர்களுக்கு முடிவு எடுத்த பிறகுதான் விஷயமே தெரிந்தது.

அடையாளம் காகிதத்தோடு முடிவதும் இல்லை. ஆமதாபாத் ஐஐஎம் என்றால் பலருக்கு லோகோவுக்கு முன் நினைவுக்கு வருவது லூயி கான் வடிவமைத்த சிவப்புச் செங்கல் கட்டடங்களும் அவற்றின் பெரிய வட்டத் திறப்புகளும்தான். 18 விடுதிகளில் 14ஐ இடிக்கும் திட்டம் 2020 டிசம்பரில் வெளியானபோது உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 2021 புத்தாண்டு தினத்தன்று திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் பாதுகாப்பைக் காரணம் காட்டி 2022 நவம்பரில் சில கட்டடங்களை இடித்துக் கட்டும் முடிவு மீண்டும் வந்தது. லோகோவைக் காப்பாற்றிய அதே ஆண்டில் செங்கல்லுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

கையேடும் காவலாளியும்

வழி இல்லாமல் இல்லை. முதல் வேலை, முத்திரையையும் சின்னத்தையும் பிரிப்பது. நுணுக்கங்கள் நிறைந்த பழைய முத்திரை பட்டத்துக்கும் சாசனத்துக்கும் மட்டும். அதிலிருந்தே எளிமைப்படுத்திய சின்னம் அன்றாடப் புழக்கத்துக்கு. முகம் ஒன்றே, உடை இரண்டு.

இரண்டாவது, மூலப்படம். எவ்வளவு பெரிதாக்கினாலும் பிசிறடிக்காத வெக்டர் கோப்பாக ஒரே ஒரு மூலம். அதிலிருந்து வண்ணத்தில் ஒன்று, தனிக் கறுப்பில் ஒன்று. வாசகத்தை எழுத்துருவாக விடாமல் கோட்டோவியமாக மாற்றிவிட்டால் எந்தக் கணினியிலும் கூட்டெழுத்து உடையாது. நிறத்தை 'நீலம்' என்று சொன்னால் போதாது. அச்சு மைக்கு ஒரு எண், திரைக்கு ஒரு எண். எந்த அளவுக்குக் கீழே சிறிதாக்கக் கூடாது, சுற்றிலும் எவ்வளவு இடம் காலியாக விட வேண்டும், மூன்று மொழிப் பெயர்கள் எந்த வரிசையில் வர வேண்டும், விழாச் சின்னம் எங்கே நிற்கலாம், எப்போது இறங்க வேண்டும். இவ்வளவையும் இருபது பக்கக் கையேட்டில் அடக்கிவிடலாம்.

சட்டமும் துணைக்கு வரும். 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டப்படி கல்விச் சேவைக்கான 41ஆவது வகுப்பில் சின்னத்தைப் பதிவு செய்யலாம்; பத்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கலாம். பதிவு செய்த வடிவம் ஒன்று, புழங்கும் வடிவம் வேறு என்றால் வழக்கில் பலம் குறையும்.

வரைவதற்கு ஆள் பஞ்சமும் இல்லை. ஆமதாபாத்திலேயே உள்ள தேசிய வடிவமைப்புக் கழகத்தின் சின்னத்தை வரைந்தவர் சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற எழுத்துரு மேதை ஏட்ரியன் ஃப்ரூட்டிகர். அந்தக் கழகத்தில் படித்தவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள்.

பஞ்சம் காவலாளிக்குத்தான். கையேடு வெளியிட்ட துணைவேந்தரின் பதவிக்காலம் முடிகிறது. அடுத்தவர் தன் பங்குக்கு ஒரு புதிய லோகோ போட்டி அறிவிக்கிறார். பழைய கோப்பு முன்னாள் மக்கள் தொடர்பு அதிகாரியின் கணினியோடு போய்விடுகிறது. ஒரு நிரந்தர அலுவலகம், ஒரு பொறுப்பாளர், எந்தத் துறையும் ஐந்து நிமிடத்தில் சரியான படத்தை எடுத்துக்கொள்ள ஒரு பொது இடம். இந்த மூன்றும் இல்லாத கையேடு அலமாரிக்கு அழகு சேர்க்கும், அவ்வளவே. தடை போடுவதைவிடச் சரியான படத்தைச் சுலபமாகக் கிடைக்கச் செய்வது பலன் தரும். கூகுளைவிட வேகமாகப் பல்கலைக்கழகம் கொடுத்தால் கூகுளுக்கு யார் போகப்போகிறார்கள்?

இப்போது பட்டங்கள் டிஜிலாக்கருக்கும் வந்துவிட்டன. அசலா போலியா என்பதை மின்னணுக் கையெழுத்து சொல்லிவிடும். முத்திரை தேவையில்லை என்று வாதிடலாம். ஆனால் சான்றிதழைக் கையில் வாங்கிப் பார்ப்பவர் மின்னணுக் கையெழுத்தைப் பார்ப்பதில்லை. முதலில் முத்திரையைப் பார்க்கிறார், பிறகு பெயரைப் படிக்கிறார். துணைவேந்தர் இருக்கப் போவது சில ஆண்டுகள். பட்டம் வாங்கிப் போகிறவரோ நாற்பது ஆண்டுகள் அதைக் காட்டித்தான் பிழைக்க வேண்டும். வாங்கிய நாளில் இருந்த முத்திரையை நாற்பதாவது ஆண்டிலும் ஒருவர் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். சின்னத்தைப் பாதுகாக்கிற கடமை பல்கலைக்கழகத்துக்கு வருவது அங்கிருந்துதான்.