முகத்தில் காயமா? ரத்தத்தை அளக்காதீர்கள்

புருவத்தில் சின்னதாக ஒரு வெட்டு விழுந்தாலே குழந்தையின் சட்டை நனைந்துவிடும், பெற்றவர்கள் பதறிப்போவார்கள். முகத்துத் தோலில் ரத்தக்குழாய்கள் அவ்வளவு நெருக்கமாக ஓடுகின்றன. அதே ரத்த ஓட்டம்தான் காயத்தைச் சீக்கிரம் ஆற்றவும் செய்கிறது. கால்களில் 10 நாளுக்கு மேல் விட்டுவைக்கும் தையலை முகத்தில் பெரும்பாலும் ஐந்தாம் நாளே பிரித்துவிடுகிறார்கள்.

சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான ரத்தக்கசிவு நின்றுவிடும். நிற்காவிட்டாலோ, தோல் பிளந்து நின்றாலோ மருத்துவரிடம் போக வேண்டும். அடிபட்டவருக்கு வாந்தி, மயக்கம், பார்வை இரண்டிரண்டாகத் தெரிவது போன்றவை இருந்தால் காயம் சிறிதானாலும் தாமதிக்கக் கூடாது. காபித்தூளை அப்பும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிட வேண்டும். துகள்கள் உள்ளே தங்கிவிடும், காயத்தின் ஆழமும் தெரியாமல் போகும்.

ஆபத்தைச் சொல்வது பெரும்பாலும் காயம் பட்ட இடம்தான். உதட்டின் சிவப்பும் தோலும் சேரும் கோட்டில், தையல் 1 மில்லிமீட்டர் பிசகினாலும் எதிரில் நின்று பேசுபவருக்குத் தெரியும். கண் இமையின் உள்மூலையில் கண்ணீரை மூக்குக்குக் கொண்டுபோகும் மெல்லிய குழாய் இருக்கிறது. அது அறுந்ததைக் கவனிக்காவிட்டால் கண்ணில் ஓயாமல் நீர் வழியும். கன்னத்தில் ஆழமான வெட்டு என்றால் காயம்பட்டவரைச் சிரிக்கச் சொல்லிப் பார்க்கலாம். வாயின் ஒரு பக்கம் அசையவில்லையா? முக நரம்பு அறுபட்டிருக்கக்கூடும். அறுந்த முனையை மின்தூண்டலால் கண்டுபிடிக்க அறுவை மருத்துவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய மூன்று நாட்கள்தான்.

ரத்தமே வெளியில் தெரியாத காயமும் உண்டு. பந்து பட்ட மூக்கின் நடுச்சுவரில் ரத்தம் கட்டிக்கொண்டால், குருத்தெலும்புக்கு ஊட்டம் தரும் சவ்வு அதிலிருந்து பிரிந்துவிடும். குருத்தெலும்புக்குச் சொந்த ரத்தக்குழாய் கிடையாது. சில நாட்களில் அது அழிந்து, மூக்குத்தண்டு அமுங்கிப்போகும். அடிபட்டபின் மூக்கு அடைத்துக்கொண்டு வலியும் ஏறினால் அன்றைக்கே காட்ட வேண்டும்.

நாய்க்கடியில் கீறலைக்கூட அலட்சியம் செய்ய முடியாது. சிறு பிள்ளைகளின் முகம் நாயின் வாய்க்கு எட்டும் உயரத்தில் இருப்பதால் அவர்களுக்கு முகத்தில் கடி விழுவது அதிகம். ரேபிஸ் வைரஸ் நரம்பு வழியே மூளைக்கு ஏறுகிறது. முகத்தில் நரம்புகள் மிகுதி, மூளையும் பக்கம். உடனே சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். வைரஸின் கொழுப்பு உறையை சோப்பு குலைத்துவிடும். தோலைக் கிழித்த கடியை உலக சுகாதார நிறுவனம் மூன்றாம் வகையில் வைத்திருக்கிறது. அதற்குத் தடுப்பூசி மட்டும் போதாது. இம்யூனோகுளோபுலின் மருந்தைக் காயத்துக்குள்ளும் சுற்றிலும் செலுத்த வேண்டும். தையலைக் கூடுமானவரை தள்ளிப்போடுவார்கள், போட்டே தீர வேண்டுமென்றால் அந்த மருந்துக்குப் பிறகுதான்.

கடிபட்டுச் சில நாட்கள் கழிந்துபோயிருந்தாலும் சிகிச்சையைத் தொடங்கியே ஆக வேண்டும். ரேபிஸ் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பவர் அநேகமாக இல்லை. அதற்கு முன்பு முறையாகச் சிகிச்சை எடுத்தவர்கள் அநேகமாக எல்லோரும் பிழைத்துக்கொள்கிறார்கள்.