பார்சிப் பாதையில் வந்த தண்ணீர்

2016 ஏப்ரல் 12-ஆம் நாள் அதிகாலையில் மகாராஷ்டிர மாநிலத்தின் லாத்தூர் நகருக்கு ஒரு சரக்கு ரயில் வந்து சேர்ந்தது. அதன் பத்துத் தொட்டி வேகன்களிலும் ஏறத்தாழ 5 லட்சம் லிட்டர் தண்ணீர் இருந்தது. மழை பொய்த்து, நகருக்கு நீர் வழங்கிய மாஞ்சரா அணை வறண்டுபோன ஆண்டு அது. தண்ணீர் பிடிக்கும் இடங்களில் கலகம் மூளாதிருக்க 144 தடை உத்தரவு பிறப்பிக்கும் நிலையும் ஏற்பட்டிருந்தது.

மிரஜ் நகரில் நீரை நிரப்பிக்கொண்ட அந்த ரயில் பண்டரிபுரம், குர்துவாடி, பார்சி வழியாகச் சுமார் 340 கிலோமீட்டர் கடந்து வந்தது. அந்த வழியை முதன்முதலில் வகுத்த நிறுவனம் இன்று இல்லை. பார்சி இலகு ரயில்வே என்பது அதன் பெயர்.

ஒரு பொறியாளரின் கணக்கு

சென்னையிலிருந்து மும்பை செல்லும் ரயில் பெருவழியில் சோலாப்பூரை அடுத்து வரும் சந்திப்பு குர்துவாடி. அங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பார்சி, அக்காலத்தில் பெயர்பெற்ற பருத்திச் சந்தை. இவ்விரண்டையும் இணைக்க முற்பட்டவர் ஆங்கிலேயப் பொறியாளர் எவரார்ட் கால்த்ராப்.

அகலப்பாதை அமைக்கும் செலவைச் சிற்றூர்களின் வருவாய் தாங்காது என்பதை அவர் அறிந்திருந்தார். ஆகவே 2 அடி 6 அங்குல அகலமே உள்ள குறுகிய பாதையைத் தேர்ந்தார். எஞ்சினாயினும் வேகனாயினும் ஓர் அச்சின் மீது விழும் எடை 5 டன்னுக்கு மிகலாகாது என்று வரையறுத்தார். எடை சமமாகப் பகிரப்பட்டதால் மெல்லிய தண்டவாளமே போதுமானதாயிற்று, செலவும் குறைந்தது.

1897-இல் குர்துவாடி–பார்சிப் பாதை திறக்கப்பட்டது. 1906-இல் பண்டரிபுரத்தையும், 1911-இல் லாத்தூரையும், 1927-இல் மிரஜையும் எட்டியது. பருத்தி மூட்டைகளும் விட்டலனைத் தரிசிக்கச் செல்லும் அடியார்களும் அதற்கு வருவாய் ஈட்டித் தந்தனர். ஒரே நிறுவனத்தின் கீழ் சுமார் 325 கிலோமீட்டர் நீண்ட குறும்பாதையாக அது வளர்ந்தது.

கைமாறிய பாதை

1954-இல் அரசு இந்நிறுவனத்தின் பாதையை வாங்கியது; அது மத்திய ரயில்வேயின் பகுதியாயிற்று. எனினும் குறும்பாதைக்கே உரிய இடர் நீங்கவில்லை. குர்துவாடியில் ஒவ்வொரு மூட்டையையும் ஒரு வேகனிலிருந்து இறக்கி மற்றொன்றில் ஏற்ற வேண்டியிருந்தது. லாரிகள் பெருகியபோது இத்தகைய பாதைகள் பல நலிந்தன. வங்கத்தில் ஹவுரா–ஆம்தா பாதை 1971-இலும், பீகாரில் ஆரா–சசாராம் பாதை 1978-இலும் மூடப்பட்டன. அவ்வூர்களில் மீண்டும் ரயிலோசை கேட்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

பார்சிப் பாதைக்கு அந்நிலை நேரவில்லை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அது கட்டம் கட்டமாக அகலப்பாதையாக்கப்பட்டது. பழைய தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. சில இடங்களில் தடமும் மாறியது. நிறுவனத்தின் பாதை தொடாமற்போன உஸ்மானாபாத், அதாவது இன்றைய தாராசிவ், புதிய தடத்தில் இடம்பெற்றது.

இன்று இப்பாதையின் பெரும்பகுதியை மத்திய ரயில்வேயின் சோலாப்பூர் கோட்டம் இயக்குகிறது. மிரஜ் நிலையம் அதே ரயில்வேயின் புணே கோட்டத்தைச் சேர்ந்தது. லாத்தூருக்கு அப்பால், லாத்தூர் ரோடு சந்திப்பில் தென் மத்திய ரயில்வேயின் பாதை இணைகிறது. 2023 பிப்ரவரியில் அவுசா ரோடு–லாத்தூர் ரோடு பகுதி மின்மயமானபோது, மத்திய ரயில்வேயின் அகலப்பாதை முழுவதும் மின்மயமாகிவிட்டது.

எஞ்சியிருக்கும் மதிப்பு

தண்ணீர் ரயில் முதல் நாளோடு நின்றுவிடவில்லை. பின்னர் ஒவ்வொரு நடைக்கும் 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் வந்தது. மழை பெய்து ஆகஸ்ட் மாதத்தில் சேவை நிறுத்தப்படும்வரை 111 நடைகளில் சுமார் 25.95 கோடி லிட்டர் நீர் லாத்தூரை அடைந்தது. குறும்பாதை அப்படியே விடப்பட்டிருந்தால் இந்த வேகன்கள் அவ்வழியே சென்றிருக்க இயலாது. பாதையே கைவிடப்பட்டிருந்தால் அந்த நேர்வழியே இருந்திராது.

கணக்கேட்டில் எஞ்சினுக்கும் தண்டவாளத்திற்கும் ஆண்டுதோறும் தேய்மானம் எழுதுகிறோம். ஒரு நாள் அவற்றின் மதிப்பு பூச்சியமாகிறது. ஊர்களை இணைக்கும் வழிக்கு அந்தக் கணக்குப் பொருந்துவதில்லை. பருத்திக்காகப் போட்ட பாதை நூற்றாண்டு கடந்து தண்ணீர் சுமக்கும் என்று அதில் பணம் போட்டவர் எவரும் எண்ணியிருக்க மாட்டார்.

மும்பை செல்லும் வாசகர்கள் குர்துவாடியில் இறங்கிக் கிளைப்பாதையில் சுமார் 50 கிலோமீட்டர் சென்றால் பண்டரிபுரத்தை அடையலாம். அவர்கள் செல்வது 1906-இல் பார்சி நிறுவனம் வகுத்த வழியில்தான்.