கோமுகி அணையில் விடியும் நீலம்

கச்சிராயபாளையம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “கோமுகி அணைக்கரையில் சூரியன் வருவதற்கு முன்னால் வீடியோ எடுத்தேன். தண்ணீர், மலை, கொக்கு எல்லாமே ஒரே நீலமாக வந்திருக்கிறது. கடையில் காட்டினால் ஒயிட் பேலன்ஸ் கோளாறு என்கிறார்கள். கோளாறு கேமராவிலா, என் கையிலா?”

இரண்டிலும் இல்லை. ஒயிட் பேலன்ஸை ‘ஆட்டோ’வில் விடாமல் பகல் வெளிச்சத்துக்கான அளவில் வைத்திருந்திருக்கிறார். அதனால் அங்கே இருந்த நிறம் அப்படியே பதிவாகிவிட்டது. ஆட்டோவில் இருந்திருந்தால் கேமரா அந்த நீலத்தைக் குறையென்று எடுத்துக்கொண்டு, மஞ்சளைக் கூட்டி, காலை எட்டு மணிக்கு எடுத்த படம்போல ஆக்கியிருக்கும். அந்த வீடியோவை அவர் தயவுசெய்து ‘திருத்தி’ விட வேண்டாம். அதில் பதிவாகியிருக்கும் நீலத்துக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த விடை போதாது.

வானம் ஏன் நீலம் என்றால் ஒளிச்சிதறல் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். நண்பகலுக்கு அது சரி. விடியலுக்கு முன் அதே கணக்கைப் போட்டுப் பார்த்தால் இடிக்கும். சூரியன் அடிவானத்துக்குக் கீழே இருக்கும்போது, நம் தலைக்கு மேலே இருக்கும் காற்றை எட்டும் ஒளி, அதற்கு முன்பே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் காற்றைக் கடந்து வந்திருக்கிறது. அந்த நீண்ட பயணத்தில்தான் நீலம் சிதறிச் சிதறித் தொலைகிறது. உதயச் சூரியன் சிவப்பாகத் தெரிவதற்கே அதுதானே காரணம்? நீலத்தை வழியெல்லாம் இறைத்துவிட்டு வந்த ஒளி, உச்சி வானத்தில் எதைக் கொண்டு நீலம் காட்டும்? சிதறல் மட்டும்தான் வேலை செய்கிறது என்றால், விடியலுக்கு முன் உச்சி வானம் மங்கிய மஞ்சளாக இருக்க வேண்டும். ஆனால் பகலைவிட ஆழமான நீலமாக இருக்கிறது.

நீலத்தைக் கூட்ட ஆளில்லை. ஆகவே மற்ற நிறங்களை யாரோ கழிக்கிறார்கள். கழிப்பது ஓசோன். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் குடை என்று மட்டுமே அதை நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் அது கொஞ்சம் தின்கிறது: பச்சையின் ஒரு பகுதி, மஞ்சள், எல்லாவற்றுக்கும் மேலாக 600 நானோமீட்டரை ஒட்டிய ஆரஞ்சு. நீலத்தை ஏறக்குறைய தொடுவதே இல்லை. ஓசோன் வாயுவே வெளிர் நீலம்தான். குளிர்வித்துத் திரவமாக்கினால் அடர்நீலம்.

ஆனால் அந்த விழுங்கல் மிகமிகச் சொற்பம். தமிழ்நாட்டுக்கு மேலே இருக்கும் ஓசோன் முழுவதையும் தரைமட்டக் காற்றழுத்தத்துக்குக் கொண்டுவந்து பரப்பினால் சுமார் கால் சென்டிமீட்டர் கனம்தான் தேறும். உச்சிச் சூரியனின் ஆரஞ்சு ஒளியில் அது பிடித்துக்கொள்வது நூற்றுக்கு மூன்று, நான்கு பங்கு. கண்ணுக்கே தெரியாத இந்தக் கழிவு, விடியலில் மட்டும் எப்படி வானத்தையே நிறம் மாற்றுகிறது? என்னை இந்த விஷயத்தோடு கட்டிப்போட்ட இடம் இதுதான்.

ஒரு சின்ன வெங்காயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்த தோலை உரித்ததும் சதையின்மேல் ஊதா நிறத்தில் ஒரு மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கும். வெங்காயம் பூமி, சவ்வு ஓசோன் படலம். ஓசோன் பெரும்பாலும் 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்துக்குள் இருக்கிறது. இரண்டரை சென்டிமீட்டர் வெங்காயத்தில் அந்த 20 கிலோமீட்டர், ஒரு மில்லிமீட்டரில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. ஏறத்தாழ அந்தச் சவ்வின் கனமேதான். இப்போது ஊசியை மேலிருந்து நேராகக் குத்துங்கள். சவ்வு எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியாது. நண்பகல் ஒளி அப்படித்தான் வருகிறது. அடுத்து, ஊசியை வெங்காயத்தின் தோளை உரசியபடி பக்கவாட்டில் செலுத்துங்கள். ஊசி சவ்வுக்குள் நுழைந்து, சவ்வுக்குள்ளேயே ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் ஓடி, மறுபுறம் வெளியே வரும். நிஜப் பூமியில் அது ஆயிரம் கிலோமீட்டர். சவ்வு எந்த இடத்திலும் தடிக்கவில்லை. ஊசி போன கோணம் மட்டும் மாறியது. ஓசோன் எல்லா உயரத்திலும் ஒரே அடர்த்தியில் இல்லாததால், இருபது கிலோமீட்டருக்கு ஆயிரம் என்ற ஐம்பது மடங்கு முழுதாகக் கிடைக்காது. இருபது, முப்பது மடங்கு கிடைக்கும். நூற்றுக்கு மூன்றரை வீதம் முப்பது முறை கழித்துப் பாருங்கள், ஆரஞ்சில் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போயிருக்கும். இன்னும் கொஞ்சம் போகலாம். வெங்காயத்தின் நடுவயிற்றுப் பக்கம் சவ்வு மெலிந்தும், வேர்ப்பக்கமும் தாள்பக்கமும் தடித்தும் இருப்பதாக வைத்துக்கொண்டால், பூமத்திய ரேகையை ஒட்டி ஓசோன் குறைவாகவும் துருவங்களை நோக்கிப் போகப்போக அதிகமாகவும் இருப்பது விளங்கிவிடும். அண்டார்க்டிகாவின் ஓசோன் துளை, வேர்ப்பக்கத்தில் சவ்வு கிழிந்த இடம்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. சூரியன் அடிவானத்துக்குச் சுமார் 6 பாகை கீழே இருக்கும்போது, அந்த ஒளி ஓசோனை உரசிக்கொண்டு வரும் இடம், கோமுகி அணை இருக்கும் கள்ளக்குறிச்சிக்கு நேர் மேலே இல்லை. கிழக்கே அறுநூறு, எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால், வங்கக்கடலின் நடுவே இருக்கிறது. கோமுகித் தண்ணீரில் தெரியும் நீலத்தைச் சலித்துக் கொடுத்தது கடலுக்கு மேலே நிற்கும் ஓசோன்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓசோன் கண்ணுறு ஒளியை விழுங்குவதை 1880இல் பிரான்ஸ் நாட்டு ஷாப்புய் கண்டார். அதை அந்தி வானத்தோடு (விடியலுக்கும் அதே கணக்குதான்) கணக்காகப் பொருத்தியவர் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தின் ஹல்பர்ட், 1953இல். சூரியன் மறையும் நேரத்து உச்சி வான நீலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் சிதறலுடையது, இரண்டு பங்கு ஓசோனுடையது என்றார். 2023இல் ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் பல்கலைக்கழகக் குழு நவீனக் கணிப்புகளோடு மறுபடியும் பார்த்தது. பகலில் சிதறல், அந்தியில் ஓசோன் என்பது நின்றது. நம் பக்கத்துச் செய்தி ஒன்றும் உண்டு. உலகம் முழுக்க ஓசோனை அளக்கப் பிரிட்டிஷ் விஞ்ஞானி டாப்சன் தன் கருவிகளை 1928, 29 வாக்கில் அனுப்பிவைத்த ஒருசில இடங்களில் கொடைக்கானலும் ஒன்று. சி.வி. ராமனிடம் பணியாற்றிய பாலக்காடு கல்பாத்தி கே.ஆர். ராமநாதன், 1960களில் சர்வதேச ஓசோன் ஆணையத்துக்கே தலைவராக இருந்தார். இவ்வளவு இருந்தும் நம் பாடப்புத்தகங்கள் அந்தி நீலத்தைச் சிதறலோடு முடித்துவிடுகின்றன.

ஓசோனும் விடியலும் என்றதும் வேறொரு கதை நினைவுக்கு வந்திருக்கும். மார்கழி அதிகாலையில் ஓசோன் படலம் பூமிக்கு அருகே இறங்கி வருகிறது, அதைச் சுவாசிக்கத்தான் முன்னோர் வாசலில் கோலம் போடச் சொன்னார்கள் என்று ஆண்டுதோறும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது. ஓசோன் படலம் இறங்குவதில்லை. மார்கழியிலும் அது விமானங்கள் பறக்கும் உயரத்துக்கு மேலேதான். தரையோரத்தில் இருக்கும் கொஞ்சநஞ்ச ஓசோனோ, வெயிலும் வாகனப் புகையும் சேர்ந்து உண்டாக்கும் மாசு. அது பொதுவாகப் பிற்பகலில் ஏறி, விடியலில் மிகக் குறைவாக இருக்கும். சுவாசித்தால் நுரையீரலைப் புண்ணாக்கும். உலக சுகாதார நிறுவனம் அதற்கு உச்சவரம்பு பரிந்துரைத்திருப்பது அதனால்தான். அதிகாலையில் எழுவதும் கோலம் போடுவதும் அழகான காரியங்கள். அவற்றுக்குப் பொய்யான முட்டு வேண்டியதில்லை. அதிலும், விடியலின் ஓசோனைக் கண்ணால் காண முடியும் என்ற நிஜம் இருக்கும்போது அதை மூக்கில் தேடச் சொல்வது எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது.

“இருட்டில் கண்ணுக்கே எல்லாம் நீலமாகத்தானே தெரியும்?” என்று ஒருவர் மடக்கலாம். நியாயமான கேள்வி. ஒளி குறையும்போது நம் கண் சிவப்பைவிட நீலப்பச்சைக்கு அதிகம் கூர்மையாகிறது. கரையில் காயும் சிவப்புச் சேலை கறுப்பாகத் தெரியும், பக்கத்தில் இருக்கும் எருக்க இலை அதைவிட வெளிறித் தெரியும். ஆனால் கேமராவின் உணரிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. பகலோ விடியலோ அதற்குச் சிவப்பு சிவப்புதான். அது நீலத்தைக் காட்டுகிறதென்றால் அந்த நீலம் ஒளியிலேயே இருக்கிறது. இந்த விஷயத்தில் கண்ணைவிடக் கேமராவின் சாட்சியம் பலமானது.

அந்தச் சாட்சியத்தைக் கெடுக்காமல் எடுக்கச் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். கோமுகிக்குப் பின்னால் நிற்கும் கல்வராயன் மலை வடக்கு அட்சம் 12 பாகையை ஒட்டி இருக்கிறது. இங்கே சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறுவதால் 6 பாகையிலிருந்து உதயம் வரை 21, 22 நிமிடம்தான். லண்டனில் ஜூன் மாதம் அதற்கு முக்கால் மணி நேரம் ஆகும். அங்கே எழுதப்பட்ட படப்பிடிப்புக் குறிப்புகளை நம்பி நிதானமாக முக்காலியை விரித்துக்கொண்டிருந்தால் நீலம் போய்விடும். அந்த 21 நிமிடத்துக்குள் வெளிச்சம் மூன்று லக்ஸ் சுமாரிலிருந்து சில நூறு லக்ஸுக்கு ஏறுகிறது, அதாவது ஏறத்தாழ மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. எக்ஸ்போஷரும் ஆட்டோவில் இருந்தால் இந்த ஏற்றம் படத்தில் தெரியவே தெரியாது. இரண்டையும் பூட்டிவிடுங்கள். ஒயிட் பேலன்ஸ் 5500 கெல்வின் போதும்.

கைபேசி விளம்பரங்கள் சொல்லும் ‘நைட் மோடு’ இதற்கு உதவும் என்று எண்ண வேண்டாம். நிழற்படத்தில் அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்கிப் புள்ளிகளை மறைக்கிறது. வீடியோவில் ஒவ்வொரு படத்துக்கும் கிடைப்பது இருபத்தைந்தில் ஒரு விநாடிக்குள்தான். அதற்குள் விழுந்த ஒளித்துகள்கள் எவ்வளவோ அவ்வளவே செல்வம். நூறு துகள் விழும் புள்ளியில் பத்து துகள் ஏற்ற இறக்கம் இயற்கையிலேயே உண்டு. இருட்டில் படம் நுரைநுரையாக வருவது அதனால். மெகாபிக்சலைக் கூட்டுவது இதற்குக் கைகொடுக்காது. சொல்லப்போனால் அதே அளவு உணரியில் புள்ளிகளைக் கூட்டக் கூட்ட ஒவ்வொன்றுக்கும் விழுவது குறையும். செயற்கை நுண்ணறிவால் துடைத்த வீடியோவில் நீர்க்காகத்தின் இறகு வரிகள் தெளிவாகத் தெரியலாம். அவை அந்தப் பறவையுடையவைதாமா என்று என்னால் நம்ப முடிவதில்லை. பெரிய வாய் உள்ள லென்ஸ் ஒன்றுதான் நேர்மையான வழி.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கல்வராயன் மலைமேல் கரியாலூர் ஏரி, கீழே கோமுகி, இரண்டும் நல்ல இடங்கள். பனிக்காலத்தில் குளிர்ந்த காற்றுக்குக் கீழே வெதுவெதுப்பாகக் கிடக்கும் தண்ணீரிலிருந்து ஆவி எழும் காட்சிக்குக் கரியாலூர். ஆனால் இந்த நீலத்துக்கு நான் கோமுகியைத்தான் சொல்வேன். அணைக்கரையில் நின்றால் தண்ணீரும் அதற்குப் பின்னால் மலையும் மேற்கே இருக்கின்றன. எல்லோரும் கிழக்கே கேமராவைத் திருப்பும் நேரத்தில் மேற்கே பாருங்கள். மலைக்கு மேலே இருண்ட நீலப் பட்டை ஒன்று கிடக்கும். அது பூமியின் நிழல். அதற்கு மேலே ரோஜா நிறப் பட்டை. நிமிடத்துக்கு நிமிடம் இரண்டும் இறங்கி மலைக்குப் பின்னே போகும். சமவெளியைவிட எழுநூறு மீட்டர் உயர்ந்த முகட்டில் வெயில் நமக்கு மூன்று, நான்கு நிமிடம் முன்னதாகவே விழும்.

தண்ணீரைப் படமெடுக்கையில் காலடியிலிருந்து தொலைவு வரை ஒரே சட்டத்தில் வைத்துப் பாருங்கள். தூரத்து நீர் தாழ்வான கோணத்தில் நன்றாகப் பிரதிபலிக்கும். அதில் தெரிவது அடிவானமும் ரோஜா நிறமும். காலடி நீர் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு இரண்டு பங்கைத்தான் திருப்பித் தருகிறது. ஆனால் அந்த இரண்டு பங்கும் உச்சி வானத்திலிருந்து வருவது, ஓசோன் சலித்த நீலம்.

சந்தேகம் இன்னும் தீராதவர்களுக்கு ஒரு சோதனை உண்டு. முழுச் சந்திர கிரகணத்தின்போது, நிலவு பூமியின் நிழலுக்குள் நுழையும் நேரத்திலும் வெளியேறும் நேரத்திலும், செம்பு நிறத்தின் விளிம்பில் மெல்லிய நீலப்பச்சைக் கீற்று ஒன்று கேமராவில் விழும். பூமியைச் சுற்றியுள்ள ஓசோனை உரசிக்கொண்டு போய் நிலவில் விழுந்த சூரிய ஒளி அது. 2028 டிசம்பர் 31 இரவு இந்தியாவிலிருந்து முழுக் கிரகணம் தெரியும். அன்றைக்கும் ஒயிட் பேலன்ஸை 5500இல் பூட்டி வையுங்கள்.