பால்மானியும் உஷ்ணமும்

பால் சங்கங்களில் பால்மானியை அறியாதார் இலர். லாக்டோமீட்டர் என்று வழங்கும் இக்கண்ணாடிக் கருவி காட்டும் எண்ணைக் கொண்டே பாலை ஏற்பதும் தள்ளுவதும் நடைபெறுகின்றன. எனினும் அஃது எதனை அளக்கின்றது என்பதை உணராமல் அதனை நம்புவோமாயின், குற்றமற்றவர் பழிக்கு ஆளாகவும் குற்றமுடையவர் தப்பவும் நேரிடும்.

மிதக்கும் பொருள் எதுவும் தன் நிறைக்குச் சமமான நிறையுள்ள திரவத்தை விலக்குகின்றது என்பது பௌதிக சாஸ்திர விதி. ஆகவே கனமான திரவத்தில் அப்பொருள் குறைவாக அமிழும். நல்ல நீரில் ஆழும் கோழிமுட்டை, உப்பை மிகுதியாகக் கரைத்த நீரில் மிதப்பதைக் காணலாம். ஒரு பாத்திரம் கொள்ளும் நீரின் நிறை 1,000 பங்காயின், அதே பாத்திரம் கொள்ளும் பசும்பாலின் நிறை ஏறக்குறைய 1,030 பங்காகும். அந்த மிகுதியான 30 என்பதே பால்மானி காட்டும் எண். கலப்பற்ற பசும்பாலில் இது பெரும்பாலும் 28 முதல் 32 வரை இருக்கும். நீர் கலந்தால் குறையும்.

பாலில் நூற்றுக்கு 87 பங்கு அளவில் நீரே உள்ளது. அதிலுள்ள சர்க்கரை, புரதம், உப்புக்கள் ஆகியவை நீரினும் கனமானவை. வெண்ணெய்ச் சத்தோ நீரினும் இலேசானது. ஆதலால் ஆடையை எடுத்துவிட்டால் எண் உயரும். பின்னர் நீர் சேர்த்தால் அது பழைய நிலைக்கு இறங்கும். இவ்விரண்டையும் அளவறிந்து செய்பவரைப் பால்மானி மட்டும் காட்டிக் கொடுக்காது. இக்குறையை நீக்கவே, 1890-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள விஸ்கான்ஸின் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஸ்டீபன் பாப்காக் என்பவர், கந்தகத் திராவகத்தின் உதவியால் வெண்ணெய்ச் சத்தைத் தனியே பிரித்து அளக்கும் முறையை வெளியிட்டார்.

இனி உஷ்ணத்தைக் கவனிப்போம். சூடு ஏறினால் பால் விரிகின்றது, விரிந்தால் இலேசாகின்றது. பாரன்ஹீட் 60 டிகிரிக்கென அமைக்கப்பட்ட பால்மானியில், அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய 1 கூட்டிக்கொள்ள வேண்டும். 90 டிகிரி உஷ்ணமுள்ள பால் 26 காட்டினால் அதன் உண்மையான எண் 29 என்க.

சில ஆண்டுகளுக்கு முன் யான் தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கத்தில், 27-க்குக் குறைந்த பாலைத் தள்ளிவிடுவது வழக்கம். ஒற்றைப் பசுவை வைத்துப் பிழைக்கும் ஓர் அம்மாளின் பால் ஒரு வாரமாகத் தள்ளப்பட்டிருந்தது. யானும் குறிப்பேட்டில் 26 என்றிருந்ததை மட்டும் கண்டு, தள்ளியது சரியே எனக் கையொப்பமிட்டேன். மறுநாட் காலையில்தான் உண்மை விளங்கிற்று. அவர் வீடு சங்கத்துக்கு அடுத்த வீடு. கறந்த சூடு ஆறுமுன்னரே அவர் பால் வந்துவிடும். தொலைவிலிருந்து வருவோர் பால் வழியில் ஆறி 28 காட்டிற்று. அம்மாளின் பாலை ஒரு மணி நேரம் ஆறவைத்துப் பார்த்தோம். அதுவும் 28 காட்டிற்று. முதல் நாள் இட்ட கையொப்பத்தை அடித்து, காரணத்தையும் எழுதினேன். ஆயினும் ஒரு வாரம் ஊரார் பேசிய பேச்சை அழிக்க வழியில்லை.

ஆகவே சங்கத்தார் கவனிக்க வேண்டியவை:

1. கறந்தவுடன் சோதிக்கலாகாது. நுரை அடங்கிப் பால் ஆறும்வரை பொறுத்தல் வேண்டும்.

2. பாலை மெதுவாகக் கலக்கிய பின்னரே கருவியை இடவேண்டும்; ஆடை மேலே தங்கியிருந்தால் எண் பிழைபடும்.

3. கருவி எந்த உஷ்ணத்துக்கு அமைக்கப்பட்டது என்பதை அதன்மேல் எழுதியிருப்பதைக் கண்டு அறிக.

4. உஷ்ணமானியையும் உடன்வைத்து, குறிப்பேட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் உஷ்ணத்தையும் எழுதுக.

5. ஐயம் நேர்ந்தால், பசுவைப் பஞ்சாயத்தார் முன்னிலையில் கறக்கச் செய்து அப்பாலையும் சோதித்து ஒப்பிடுக. அதற்கு முன் எவரையும் குற்றவாளி எனக் கூறலாகாது.